நாணயத்தில் பச்சை, கறுப்பு, சந்தேகம்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் காணும் முறை

பழைய நாணயம் ஒன்று கைக்கு வந்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது, அதைப் புளி போட்டுத் தேய்ப்பதுதான். வெள்ளியாக இருந்தால் புளிக்குப் பதில் விபூதி. குத்துவிளக்கையும் பூசைத் தட்டையும் ஆண்டுக்கு ஐம்பது முறை தேய்த்தாலும் அவற்றுக்கு இழப்பு ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் நாணயத்தின் மதிப்பு முழுவதும் அதன் மேல்தோலில் இருக்கிறது என்பதால் ஒரே ஒரு முறை தேய்த்தாலே அது போய்விடும். நானும் பன்னிரண்டு வயதில் பாட்டியின் தகரப் பெட்டியிலிருந்து எடுத்த 1862 விக்டோரியா ரூபாயை விபூதியும் பழந்துணியும் கொண்டு அரை மணி நேரம் தேய்த்து, அது கண்ணாடிபோல் ஆனதும் பெருமையோடு ஊரிலிருந்த ஒரு சேகரிப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை சாய்த்துப் பார்த்துவிட்டு, "இனி இதுக்கு வெள்ளி விலைதான் தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆகவே கீழே சொல்லப்படும் எந்த அறிகுறிக்கும் முதல் படி ஒன்றுதான்: காரணம் தெரியும்வரை நாணயத்தின்மேல் நீரோ துணியோ படக்கூடாது. பார்ப்பதற்கு வேண்டியவை பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ், நூறில் ஒரு பங்கு கிராம்வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு, ஒரு காந்தம், வெர்னியர் அளவி ஆகிய நான்குமே. நாணயத்தை எப்போதும் விளிம்பில் மட்டும் பிடித்து, கீழே ஒரு மெத்தென்ற துணியை விரித்துக்கொண்டு பார்க்க வேண்டும். கை தவறினால் மொசைக் தரை மன்னிக்காது.

செப்பு நாணயத்தில் பச்சை தெரிகிறது

செம்போடு களிம்பு கூடப் பிறந்தது என்று சைவ சித்தாந்தம் உயிருக்கும் ஆணவ மலத்துக்கும் உவமை சொல்லும். சேகரிப்பாளர் அந்த உவமையில் ஒரு திருத்தம் செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பச்சை என்பது ஒரே நோய் அன்று. நாம் காணும் பச்சையில் குறைந்தது நான்கு வகைகள் உள்ளன, அவற்றில் ஒன்று நோயே அன்று.

ஒரு பல்குத்தும் குச்சியின் முனையால் பச்சையின் ஓரத்தை மிக மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். குச்சி வழுக்கிச் செல்கிறது, பச்சை இறுகி மழமழப்பாக இருக்கிறது, நாணயத்தின் எழுத்துகளும் உருவமும் அந்தப் பச்சையிலேயே தெளிவாக நிற்கின்றன என்றால் அது மண்ணுக்குள் நூற்றாண்டுகளாகக் கிடந்ததால் உருவான படலம். ஒருபுறம் நின்ற அரசனும் மறுபுறம் அமர்ந்த அரசனும் நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயரும் கொண்ட சோழர் செப்புக் காசுகளில் இதைப் பார்க்கலாம். இதை நீக்கினால் அடியில் பளபளக்கும் செம்பு கிடைக்காது. எழுத்தில்லாத ஒரு சொரசொரப்பான தகடுதான் கிடைக்கும். ஒன்றும் செய்யாமல் விடுவதே இதற்கான வைத்தியம்.

குச்சியின் முனையில் பிசுபிசுப்பாக ஒட்டினால் அடுத்ததாகப் பார்க்க வேண்டியது நாணயத்தை அல்ல, அது வைக்கப்பட்டிருந்த உறையை. மலிவான ஆல்பங்களின் மென்மையான பக்கங்கள் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனவை, அவற்றை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருளும் பிளாஸ்டிக் சிதையும்போது வெளிவரும் அமிலமும் சேர்ந்து நாணயத்தின்மேல் பச்சைப் பிசினாகப் படிகின்றன. புது மழைக்கோட்டு வாசனை அடிக்கும் ஆல்பத்தைச் சந்தேகிக்கலாம். உறுதி செய்ய வேண்டுமானால், ஒரு செப்புக் கம்பியை அடுப்புத் தீயில் பழுக்கக் காய்ச்சி, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தொட்டு, மறுபடியும் தீயில் காட்ட வேண்டும். சுடர் பளிச்சென்ற பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, அந்த ஆல்பம் வேண்டாம். இந்தச் சோதனையைச் சன்னலைத் திறந்து வைத்துச் செய்யவும், புகையை முகராமல் செய்யவும் வேண்டும். பிசினை நீக்கத் தூய அசிட்டோன் போதும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, நாணயத்தைச் சில நிமிடங்கள் கிடத்தி, இன்னொரு கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒரு முறை அலசி, தேய்க்காமல் தானாக உலர விட வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் வாசனையும் எண்ணெயும் கலந்திருப்பதால் அது அசிட்டோனுக்கு ஈடாகாது. அசிட்டோன் சட்டெனத் தீப்பற்றக்கூடியது என்பதால், கம்பியைக் காய்ச்சிய அதே சமையலறையில் அதே நேரத்தில் இந்த வேலையைச் செய்யக்கூடாது. பிசின் போனபின் அடியில் அரித்த தடம் தெரிந்தால் அது இனி நிரந்தரம்.

மூன்றாவது வகை நம் பூசையறைக்கே உரியது. உண்டியலிலும் கலசத்திலும் இருந்த ஓட்டைக் காலணாவில் நல்லெண்ணெயும் மஞ்சளும் சந்தனமும் படிந்து, எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து மெழுகுபோன்ற பச்சையாக, பெரும்பாலும் எழுத்துகளின் இடுக்கிலும் ஓட்டையின் ஓரத்திலும் நிற்கும். இதற்கும் அசிட்டோன்தான், ஊறியபின் மூங்கில் குச்சியால் இடுக்கை மட்டும் மெல்ல வழிக்கலாம். ஊசி கூடாது.

நான்காவதுதான் அஞ்ச வேண்டியது. வெளிறிய இளம்பச்சை நிறத்தில் பொடியாகப் புள்ளி புள்ளியாய்த் தோன்றும். துடைத்தால் போய்விடும், ஓரிரு வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் வரும், ஒவ்வொரு முறையும் அடியில் சிறு குழி ஆழமாகிக்கொண்டே போகும். வெண்கல நோய் என்று இதைச் சொல்வார்கள். உப்பிலுள்ள குளோரைடு செம்புக்குள் புகுந்து தங்கியிருக்க, காற்றின் ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்குகிறது. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த காசுகளிலும், கடலோர ஊர்களிலிருந்து வந்தவற்றிலும் இதை எதிர்பார்க்கலாம். ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் இது உறங்கும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ அப்படியொரு காற்று இயல்பாகக் கிடைக்காது, அதனால் ஐப்பசி கார்த்திகை மழையில்தான் இது தலைகாட்டும். உடனே அந்த நாணயத்தைத் தனியே பிரித்து, வாலை வடிநீரில் ஊற வைத்து, நீரைத் தினமும் மாற்றிச் சில வாரங்கள் தொடர்ந்து, பின் நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைக்க வேண்டும். குழாய் நீரில் குளோரின் இருப்பதால் அது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதாகும். அரிய காசாக இருந்தால் வீட்டில் எதையும் செய்யாமல் பாதுகாப்பு வல்லுநரிடம் கேட்பது நல்லது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதலே இத்தகைய வேலைக்கென்று வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்று இயங்கி வருகிறது.

வெள்ளி நாணயம் கறுத்துவிட்டது

கறுப்பு எங்கே, எப்படிப் படர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். நடுவில் ஒரே நேர்க்கோடாகக் கறுத்திருந்தால் யாரோ ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தால் அந்தப் பக்கம் செய்தித்தாளையோ காக்கிக் கவரையோ தொட்டுக்கொண்டு இருந்திருக்கும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் கருநீலம், ஊதா, பொன்னிறம் என்று வண்ணம் மாறி வருமானால் அது மெல்ல இயற்கையாக ஏறிய நிறம், அதற்கென்றே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. எந்தக் கறுப்பானாலும் தேய்க்க வேண்டியதில்லை. வெள்ளியை நொடியில் வெளுப்பாக்கும் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. அவை கறுப்போடு சேர்த்து மேல்தோலையும் கொஞ்சம் கரைக்கின்றன என்பதால், இரண்டு மூன்று முறைக்குப் பிறகு நாணயம் சுண்ணாம்பு அடித்ததுபோல் உயிரற்று நிற்கும்.

வைக்கும் முறையை மாற்றினால் கறுப்பு மேலும் ஏறுவது நிற்கும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறையோ கெட்டியான அக்ரிலிக் கூடோ போதும். பீரோவில் அந்துருண்டை போட்ட தட்டில் நாணயம் வைக்க வேண்டாம். அட்டை உறையை ஸ்டேப்ளர் பின்னால் மூடுகிறவர்கள் பின்னின் கால்களை இடுக்கியால் தட்டையாக அழுத்திவிட வேண்டும், இல்லையெனில் அடுத்த உறையில் இருக்கும் நாணயத்தை அது கீறும். நாணயத்தை வெளியே எடுக்கும்போது நான்கு பின்களையும் முதலில் கழற்றிவிட வேண்டும். அவசரத்தில் மூன்றைக் கழற்றிவிட்டு நாணயத்தை உருவியெடுத்து, மன்னரின் கன்னத்தில் கோடு போட்டவர்களில் நானும் ஒருவன்.

அலுமினியத்தில் வெண்புள்ளி, ஈயத்தில் வெண்பொடி

1960-களின் நடுவிலிருந்து வந்த ஒரு பைசா, இரண்டு பைசா, மூன்று பைசா அலுமினியக் காசுகளில் காணும் வெண்புள்ளி அரிப்பின் தடம். அதை நீக்க வழியில்லை, சோப்பும் சோடாவும் அதை இன்னும் வளர்க்கும். நல்ல நிலையில் இன்னொன்று மலிவாகவே கிடைக்கும் என்பதால் மாற்றிக்கொள்வதே மேல். தரங்கம்பாடியில் டேனியர் தொடக்கத்தில் வெளியிட்ட ஈயக் காசுகளுக்கு அந்த வசதி இல்லை. ஈயத்துக்கு மர அலமாரி பகை, ஏனென்றால் சில மரங்களும் பிளைவுட்டும் வெளிவிடும் அமில ஆவியில் அது வெண்பொடியாக உதிரத் தொடங்கும். அழகுக்காகத் தேக்குப் பெட்டி செய்கிறவர்கள் ஈயக் காசை அதில் சேர்க்காதிருக்கட்டும்.

வெள்ளி ரூபாய் அசல்தானா என்று சந்தேகமாக இருக்கிறது

காந்தத்தை முதலில் எடுப்பது சரிதான், ஆனால் அது சொல்வதைப் புரிந்துகொள்ள ஆண்டைப் பார்க்க வேண்டும். 1918 என்று பொறித்த ரூபாய் காந்தத்தில் ஒட்டினால் அது போலி. 1947 என்று பொறித்த, புலி உருவம் கொண்ட ரூபாய் ஒட்டினால் அதுதான் அசல், ஏனென்றால் அந்த ஆண்டு ரூபாய் நிக்கலில் அடிக்கப்பட்டது. இது தெரியாமல் நல்ல 1947 ரூபாயைப் போலி என்று திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டாவிட்டால் மட்டும் வெள்ளி என்று ஆகிவிடாது. பித்தளையும் ஒட்டாது, செம்பு நிக்கல் கலவையும் ஒட்டாது.

அடுத்தது எடை. 1835 முதல் 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம் எடையும் 91.7 விழுக்காடு வெள்ளியும் கொண்டது. 1940-இல் வெள்ளி 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தேய்ந்த நாணயம் சற்றுக் குறைவாக நிற்கலாம், அதனால் எடையோடு அடர்த்தியையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தராசின்மேல் ஒரு சிறு டம்ளரில் நீர் வைத்து, எண்ணைச் சுழியமாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். தராசு இப்போது காட்டும் எண் நாணயத்தின் கன அளவு. 11.66 கிராம் ரூபாய் அசலாக இருந்தால் அது ஏறக்குறைய 1.13 காட்டும், அதே எடையில் செம்பு நிக்கல் போலியாக இருந்தால் 1.30-ஐத் தாண்டும். குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தவறும் என்பதால் நூலை ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் பார்க்கவும். நீர் படக்கூடாது என்ற முதல் விதிக்கு இது விலக்கு, இந்தச் சோதனை நாணயத்துக்குக் கேடு செய்யாது. முடிந்ததும் துணியில் ஒற்றி எடுத்தால் போதும். வெண்கல நோய் கண்ட காசை மட்டும் இதில் இறக்க வேண்டாம்.

இரண்டிலும் தேறியபின் லென்ஸை விளிம்புக்குக் கொண்டுபோக வேண்டும். விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையல்கோடு ஓடினால் வார்ப்பில் ஊற்றியது. பன்னிரண்டு மணி இருக்கும் இடத்தில் விளிம்பின் கோடுகள் மழுங்கி, ஈயப்பற்று வைத்த தடம் தெரிந்தால் அது அசல் நாணயம்தான், ஆனால் ஒரு காலத்தில் காசுமாலையில் கோத்திருந்திருக்கிறது; விலை அதற்கேற்பக் குறையும். 1939 ரூபாய் அரிது என்பதால், வேறோர் ஆண்டின் கடைசி எண்ணைச் செதுக்கி ஒன்பதாக்கியவை வரும். அந்த எண்ணைச் சுற்றியுள்ள தளம் மற்ற இடத்தைவிட வேறு மாதிரி மின்னுகிறதா என்று சாய்த்துப் பார்க்க வேண்டும்.

கம்பெனிக் காசில் ராமரும் அனுமனும் இருக்கிறார்கள்

1818 என்று பொறித்து, ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ கொண்ட "கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா" வாரம் ஒருவராவது கொண்டுவந்து காட்டுவார். அப்படியொரு நாணயத்தைக் கம்பெனி அடிக்கவே இல்லை. கோயில் வாசல்களில் விற்ற பிற்கால வில்லைகளே இவை, பழமையும் இல்லை. கம்பெனி தெய்வ உருவமே பொறிக்கவில்லை என்று இதை வைத்து முடிவு செய்துவிடக்கூடாது; சென்னை மாகாணத்தில் அவர்கள் வெளியிட்ட வராகன் என்ற பொற்காசுகளில் திருமால் உருவமும் கோபுரமும் உண்டு. அந்த ராமர் வில்லையின் உறவுமுறைதான் "அரிசியை இழுக்கும் காசு". அரிசி மணியில் இரும்புத்தூள் தடவிக் காட்டி இலட்சக்கணக்கில் பறித்த வழக்குகள் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களுக்குப் புதியவை அல்ல.

ஒரே ஆண்டு, ஒரே நாணயம், இன்னொருவருடையதற்கு மட்டும் கூடுதல் விலை

ஆண்டுக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பார்க்கவும். வைரக்குறி மும்பை, விண்மீன் ஐதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. சில ஆண்டுகளில் ஒரு நாணயச்சாலை குறைவாகவே அடித்திருக்கும். அதுவும் காரணமில்லை என்றால் நிலைதான் காரணம்: புழக்கத்துக்கே போகாத நாணயத்தின் தளத்தில், விளக்கின்கீழ் சுழற்றும்போது ஒளி ஒரு சக்கரம்போல் சுற்றிவரும், தேய்த்து மெருகேற்றியதில் அந்தச் சக்கரம் இருக்காது, மாறாக ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும்.

அச்சுப்பிழை என்று சொல்லி விலை கேட்டால், விளிம்பை மேலும் கீழுமாகப் பிடித்துத் திருப்பிப் பார்க்கவும். இந்திய நாணயத்தில் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு சுழன்றிருக்கிறது, அது உண்மையான பிழை. தண்டவாளத்தில் வைத்து நசுக்கியதும், அமிலத்தில் போட்டு மெலிந்ததும், பட்டறையில் நடு வட்டத்தைத் தட்டி எடுத்த பத்து ரூபாயும் பிழைகள் அல்ல.

பரிமாற்றத்தில் வந்தது படத்தில் பார்த்ததுபோல் இல்லை

பெரும்பாலான மனத்தாங்கல் ஏமாற்றால் வருவதில்லை, படத்தால் வருகிறது. நேர் வெளிச்சத்தில் எடுத்த படம் கீறலை மறைக்கும். நாணயம் கேட்கும்போதே பக்கவாட்டு விளக்கில் சாய்த்து எடுத்த படத்தையும், விளிம்பின் படத்தையும், தராசின்மேல் வைத்த படத்தையும் கேட்டுவிட வேண்டும். தர மனமில்லாதவரோடு பரிமாற்றம் வேண்டாம். கொடுப்பவராக இருந்தால், தேய்க்கப்பட்டது, ஓட்டை அடைக்கப்பட்டது, காசுமாலையில் இருந்தது என்பதை உறையின்மேலேயே எழுதிவிட வேண்டும். எத்தனை நாளுக்குள் திருப்பலாம், திருப்பும் அஞ்சல் செலவு யாருடையது என்பதையும் முன்பே பேசிக்கொள்வது நட்பைக் காக்கும். நேரில் சந்திக்கும்போது, கேட்காமல் இன்னொருவர் உறையைத் திறப்பது அவர் வீட்டு அடுக்களைக்குள் நுழைவதுபோல.

அஞ்சலில் அனுப்பும்போது நாணயம் குலுங்கினால் சத்தம் கேட்கும், சத்தம் கேட்டால் உறை வழியில் திறக்கப்படும். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் நாணய உறையை ஒட்டி, அட்டையைச் சுற்றிலும் டேப் போட்டு, கடைசியில் காதருகே ஆட்டிப் பார்க்கவும். பெறுபவர் உறையைப் பிரிக்கும்போது கைபேசியில் இடைவெட்டு இல்லாமல் காணொளி எடுத்துக்கொண்டால் பிறகு வாக்குவாதத்துக்கு இடமில்லை.

உங்கள் ஐந்து ரூபாய்க்கு ஐந்து இலட்சம் தருகிறேன் என்கிறார்

வைஷ்ணவ தேவி உருவமுள்ள 2012 நாணயத்துக்கும், 1995 உலகத் தமிழ் மாநாட்டு வள்ளுவர் நாணயத்துக்கும் இப்படி அழைப்பு வரும். அடுத்த வரியில் "பதிவுக் கட்டணம்" அல்லது "வரி" என்று நம்மிடமே பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் சின்னம் போட்ட கடிதமும் வரலாம். பழைய நாணய விற்பனைக்கு எந்தக் கட்டணமும் தாங்கள் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது. வாங்குகிறவர் விற்பவரிடம் பணம் கேட்ட அந்த நொடியில் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தோண்டும்போது கிடைத்தது, வெளிநாட்டு நண்பர் கேட்கிறார்

மண்ணில் புதைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். எண்ணுவதற்கு முன், கழுவுவதற்கு முன், பானையோடு அப்படியே வைப்பது நல்லது, ஏனென்றால் எந்தக் காசுக்குப் பக்கத்தில் எது கிடந்தது என்பதில்தான் காலத்தைக் கணிக்கும் தடயம் இருக்கிறது. நூறாண்டு கடந்த நாணயம் 1972 தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகிறது, தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கொழும்பிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் நண்பர் ராஜராஜன் காசு கேட்டால் மறுத்துவிட்டு, புழக்கத்தில் வந்த நினைவு நாணயங்களில் ஒரு தொகுதியைச் சொல்லிப் பார்க்கலாம்; பதிலுக்கு அவர் பக்கத்துப் புழக்கக் காசுகள் வரும். நூறாண்டு என்பது ஒவ்வோர் ஆண்டும் ஒரு படி நகரும் எல்லைக்கோடு என்பதால், ஐந்தாம் ஜார்ஜ் காசுகளை வைத்திருப்பவர்கள் அனுப்பும் முன் ஆண்டை ஒருமுறை கழித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.